முன் சீட்டில் ஒரு புரதம்

1

உண்மையைச் சொல்லிவிடலாம்: இது கதையாகப் பிறக்கவில்லை. மதுரையில் ஆராய்ச்சி செய்கிற பொற்கொடி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். ‘கட்டியை அடக்கும் புரதங்கள், வளர்ச்சி நொதிகளைக் கட்டுப்படுத்துவதன் மூலம்...’ (அடித்தாயிற்று. எழுதியவளுக்கே கொட்டாவி.)

‘செல் என்பது ஒரு நகரம்...’ (ஐயோ, எல்லாரும் நகரம்தான் கட்டுகிறார்கள்.)

2

இப்போது எழுதுவது கைப்பேசியில். காலை ஆறு மணி, போடி. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பின் முன் சீட்டில் பொற்கொடி. அது கங்காணி காசிமாயனின் இடம். அவர் ஏறி உட்கார்ந்தால்தான் டிரைவர் சோலைமலை சாவியைத் திருகுவார். பின்னால் பதினாலு பெண்கள். அதில் ஒருத்தி பொற்கொடியின் அம்மா முனியாயி. மார்பில் கட்டி, பத்து மணிக்கு மதுரையில் ஆபரேஷனுக்குச் சேர வேண்டும்.

“காயெடுப்பு முடியட்டும்டி, பாக்கலாம்,” என்கிறாள் அம்மா. ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது இது மூன்றாவது தடவை.

3

“எந்திரி ஆத்தா, வெரசா. மேல சோலி கெடக்கு,” என்றார் கங்காணி.

“மாட்டேன் மாமா.”

“இந்தப் புள்ளைக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

அப்போதுதான் பொறி தட்டியது. அட, கட்டுரை! செல்லைப் பெருக்குகிற நொதி சோலைமலை மாதிரி. தனியாக இருந்தால் சும்மா கிடக்கும். கங்காணி மாதிரி ஒரு கூட்டாளிப் புரதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் வண்டி நகரும், செல் இரண்டாகும். பி16 என்ற புரதம்* சண்டைக்கே போகாது. இப்போது பொற்கொடி உட்கார்ந்திருப்பது போல நொதியோடு போய் ஒட்டிக்கொள்ளும், கூட்டாளிக்கு இடமிருக்காது. அவ்வளவுதான்! நாலு வருஷ ஆராய்ச்சி, ஒரே சீட்டு! பொற்கொடி வாய்விட்டுச் சிரித்தாள். கங்காணி இரண்டடி பின்வாங்கினார்.

அந்தப் புரதம் தொலைந்துபோனால், அம்மாவின் மார்பில்

(இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.)

* பி16 மிகச் சிறியது. பொற்கொடி அறுபத்தெட்டு கிலோ. உவமை இங்கே லேசாக உதைக்கிறது.

4

முடிவு ஒன்று: கங்காணி பின்னால் தொற்றிக்கொள்ள, ஜீப்பு கிளம்புகிறது. (செல்லிலும் இப்படித் தடையை மீறிப் பெருகுவது உண்டு. வேண்டவே வேண்டாம்.)

முடிவு இரண்டு: அம்மா அழுதுகொண்டே இறங்குகிறாள். (முனியாயி அழுது யார் பார்த்தது?)

நடப்பது இது:

“எம்புட்டு நேரம்டி உக்காந்திருப்ப?” பின்னாலிருந்து அம்மா.

“நீ எறங்குற வரைக்கும்.”

ஜீப்பே சிரிக்கிறது. பின் கதவுச் சங்கிலி கழல்கிறது. யாரோ இறங்கி, செருப்புச் சத்தத்தோடு முன்னால் வருகிறார்கள். அம்மாவா? அம்மாவுக்காகச் சண்டைக்கு வருகிற ராக்கு அக்காவா? திரும்பிப் பார்க்கப் பொற்கொடிக்குப் பயமாக இருக்கிறது. வாசகரே, நீங்கள் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் எழுந்திருக்கப் போவதில்லை. இந்த வரியின் கடைசி இடத்திலும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், முற்றுப்புள்ளிக்கு இடமில்லை