பத்தாவது பாட்காஸ்ட்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் முறைக்காக நின்றபோது, யாரோ விட்டுப்போன தாள் ஒன்று மெஷின் மேல் கிடந்தது. "சட்ட மாணவர்கள் கேட்க வேண்டிய பாட்காஸ்ட்கள்" என்று தலைப்பு. ஒன்பது வரிகள் கணினியில் அடித்தவை. பத்தாவது மட்டும் பேனாவில், நாலைந்து முறை அடித்து அடித்து எழுதியது.

அந்த வரி என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் சட்டத்தைப் பற்றி யோசிப்பீர்கள். நான் அந்த அடித்தல்களை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தென்காசி வெயிலில் கறுப்புக் கோட்டு வேல்விழிக்கு இன்னும் பழகவில்லை, அதுவும் மத்தியானம்—"

நிறுத்திவிட்டேன். கோட்டு பின்னால் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: வேல்விழிக்கு உமாராணியிடமிருந்து போன் வந்தது. வேல்விழி திருநெல்வேலியில் சட்டம் முடித்து, தென்காசியில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். உமாராணி அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

"அக்கா, நீங்களும் இன்னொரு அக்காவும் பேசுன பாட்காஸ்ட கேட்டுத்தான் பரீட்சை எழுதுனேன். திருட்டுக்கு முந்நூத்தி எழுபத்தெட்டுன்னு போட்டுட்டேன். மேடம் எழுப்பி விட்டு, 'நீ எந்தக் காலத்துச் சட்டம்மா படிக்க?'ன்னு கேக்காங்க. எல்லாரும் சிரிக்காங்க."

"புதுச் சட்டம் வந்துட்டுல்லா. பாத்துக் கேக்கப்பிடாதாட்டி?"

"அந்த இன்னொரு அக்கா அம்புட்டு அழகாச் சொல்லுதாங்க. நம்பிட்டேன்."

வேல்விழி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அதத் தூக்கிருங்கக்கா. வேற நல்லதா பத்து எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை போர்டுல ஒட்டணும்."

உமாராணி கேட்டதில் தப்பில்லை. 2024 ஜூலை ஒன்றாம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. பிரிவு எண்கள் எல்லாம் இடம் மாறின. திருட்டு முந்நூற்று மூன்றாகிவிட்டது.

3

ஒன்பது எழுதுவது எளிதாக இருந்தது. தீர்ப்புகளைச் சுருக்கிச் சொல்லும் ஒன்றுக்கு, "தென்காசியில் திருநெல்வேலி பஸ் ஏறினால் பாவூர்சத்திரத்துக்குள் முடிந்துவிடும்" என்று குறிப்பு எழுதினாள். அரசியலமைப்பு பற்றிய நீண்ட உரையாடலுக்கு, "ஆலங்குளம் தாண்டும், தூங்கிவிடாதீர்கள்." குறுக்கு விசாரணை பற்றிப் பேசும் ஓய்வுபெற்ற நீதிபதிக்கு, "ஒன்றரை வேகத்தில் வைத்தால் மற்ற மனிதர்களைப் போலப் பேசுவார்."

பிறகு, தூக்குவதற்காக, தானும் கூடப் படித்த சஃப்ரினும் பேசியதைத் திறந்தாள். திறந்தவள் கேட்டுவிட்டாள். முதல் பகுதி:*

"ஏட்டி சஃப்ரின், ஒருத்தன் அடுத்தவன் சைக்கிள எடுத்துட்டுப் போயி மறுநா கொண்டாந்து விட்டுட்டான். திருட்டா?"

"கேட்டுட்டு எடுத்தானா?"

"கேக்கல."

"நேர்மையில்லாத எண்ணம் இருந்துச்சா?"

"அத அவன்ட்டல்லா கேக்கணும்."

"அப்போ எஞ் செவப்புச் சுடிதார நீ எடுத்துட்டுப் போயி ஆறு மாசம் ஆச்சே, அதுல யார்ட்டக் கேக்க?"

சுடிதார் இன்னும் வேல்விழியிடம்தான் இருக்கிறது.

(*பதிவு செய்த இடம் குற்றாலம். சஃப்ரினின் மாமா பார்த்துக்கொண்ட லாட்ஜில், சீசன் இல்லாத மாதங்களில் சும்மா கிடந்த அறை. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாலும் அருவிச் சத்தம் உள்ளே வந்துவிடும். சீசன் தொடங்கினால் அறையும் கிடையாது, பாட்காஸ்ட்டும் கிடையாது.)

4

சஃப்ரின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவளை நான் வேல்விழியின் ஏக்கத்திலிருந்து எடுத்து எழுதுகிறேன். அதனால் எப்போதும் அழகாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் தாமதமாக வருவாள். மைக் முன்னால் முறுக்கு தின்பாள். எதைக் கேட்டாலும் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"ஏட்டி, இம்புட்டு நேரம் பேசாம இருந்தா கேக்கவன் கரண்டு போச்சுன்னு நெனப்பான்" என்பாள் வேல்விழி. அந்த மௌனங்களை வெட்டி எடுப்பது அவள் வேலை. முப்பத்தொரு பகுதிகளிலும் ஒழுங்காகச் செய்தாள்.

கடைசிப் பகுதி 2024 மே மாதம் முடியும்போது பதிவானது. அன்று சாரல் விழத் தொடங்கியிருந்தது. அதில் வேல்விழி கேட்கிறாள்:

"சீசன் முடிஞ்சு செப்டம்பர்ல திரும்ப வருவோம்லா, ஏட்டி?"

வெளியே அருவியில் போலீஸ்காரர் விசில் ஊதத் தொடங்குகிறார். தொடங்கிய விசில் பாதியில் அறுந்துவிடுகிறது. உடனே சஃப்ரின்: "சரி, அடுத்த பிரிவப் பாப்போமா?"

அந்த அறுந்த இடம்தான் வேல்விழி வெட்டியது. அங்கே எத்தனை நொடி இருந்தது? அவள் மூச்சை இழுத்தாளா, ஏதோ சொல்ல வந்தாளா? தனக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது சஃப்ரினுக்கு அப்போதே தெரியும். வெட்டாத பதிவு பழைய போனோடு போய்விட்டது.

5

இப்போது கோட்டு.

கல்யாணத்தை ஜூலை ஒன்றாம் தேதியிலேயே வைத்து எழுதியிருந்தேன். ரொம்பக் கதைபோல இருந்ததால் அடித்துவிட்டேன். இப்போது அதற்கு எட்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை பார்த்துத்தான் வேல்விழிக்கு விஷயமே தெரியும். மண்டபத்தில், அத்தனை பேர் நடுவில், அவள் கேட்டாள்:

"ஒரு வருசப் படிப்புதான மிச்சம். தச்சு வச்ச கோட்ட யாருக்குட்டி குடுத்த?"

சஃப்ரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழி வழக்கம்போல அதையும் வெட்டினாள். பதிலுக்கு நிற்காமல் பந்திக்குப் போய்விட்டாள்.

பிறகு சஃப்ரின் ஷார்ஜா போனாள். இரண்டு வருடம் ஆகப்போகிறது. இருவரும் பேசவில்லை.

6

எனக்குத் தோன்றிய முடிவுகள்:

அ) கேட்டவர்கள் கணக்கில், ஷார்ஜாவிலிருந்து யாரோ ஒருவர் தினமும் கேட்பதாகக் காட்டுவது. இது எனக்குத் தேவைப்பட்ட ஆறுதல். அவளுக்கு நடந்ததல்ல.

ஆ) "வேல்விழி 'நீக்கு' என்பதை அழுத்தினாள். முப்பத்தொரு பகுதிகளும்—" மேலே எழுத முடியவில்லை.

இ) அந்தத் தாளில் இருந்தது.

புதுச் சட்டம் வந்தாலும், அதற்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். வேல்விழி தினமும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் கேஸ் கட்டுகளில் பல அப்படிப்பட்டவை. அவள் மண்டபத்தில் சொன்னதும் அந்த ஜூலை ஒன்றுக்கு முன்னால்தான் வருகிறது. வியாழக்கிழமை சாயங்காலம், அச்சடித்த தாளின் அடியில், அடித்து அடித்து எழுதினாள்:

"10. சஃப்ரின், வேல்விழி பேசியது. 31 பகுதிகள். பிரிவு எண்களைப் பரீட்சையில் எழுத வேண்டாம். 1.7.2024-க்கு முன் நடந்தவற்றுக்கு இன்னும் செல்லும்."

7

அந்தத் தாளைப் படம் எடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பினாளா என்று கேட்காதீர்கள். படம் எடுத்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒன்றிரண்டு நாள் போனைக் கையிலெடுத்து எடுத்து வைத்தாள்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். சும்மா அல்ல, ஒரு வேலையும் சேர்த்து. வேல்விழி வெட்டிய இடத்தை நான் இங்கே வெட்டாமல் வைக்கிறேன். விசில் முழுதாக ஊதி ஓயட்டும். போர்வையைத் தாண்டி அருவி உள்ளே வரட்டும்.

"செப்டம்பர்ல திரும்ப வருவோம்லா, ஏட்டி?"

(                                        )

சஃப்ரின் பேசும்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள்.