அண்ணனுக்குக் கொடுத்த பாதி

வயிற்றைச் சுற்றிய துணியை இறுக்கி முடிந்துகொண்டு, கட்டிலைப் பிடித்தபடி சர்மிளா எழுந்தாள். தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது. முற்றத்தில், கொழும்பிலிருந்து வேனில் வந்திறங்கிய அண்ணன் கணேசமூர்த்தியின் சவப்பெட்டி இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் தூக்கிவிடுவார்கள்.

"நீ படு. டொக்டர் என்னா சொன்னாரு?" என்றாள் அம்மா காளியாயி.

"பாரந்தான் தூக்கக் கூடாதுன்னாரு. நிக்கக் கூடாதுன்னு சொல்லல."

ஹட்டன் வீதியில் பஸ் ஓட்டியவர் கணேசமூர்த்தி. ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனாலும் ஈரல் சுருங்கிப்போனது. தங்கை சர்மிளாதான் தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுத்தாள். முதலில் கொடுப்பதாக இருந்தவன் தம்பி நிரோஷன். பரிசோதனையெல்லாம் பொருந்திய பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் பஸ் நிலையத்திலிருந்து அவன் நழுவிவிட்டான்.

இப்போது தூறலில், தோட்ட வீடுகளின் வரிசையான லயத்தின் கோடிச் சுவரை ஒட்டி நின்றான். யாரும் அவனோடு பேசவில்லை.

தாய்மாமன் சிவசாமி வாசலில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, முன்னுக்குத் தோள் குடுக்கிறது யாரு? கூடப் பொறந்தவன்தானே..."

"அவன் தொடக் கூடாது. ஒன் மகன் தூக்கட்டும்."

"அம்மா!"

"இவன் குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பான். ஆம்பள ஈரல் பெரிசு. ஒன்னோடது பத்தாமப் போச்சு."

தன்னுடையது போதவில்லையா என்று சர்மிளாவும் டொக்டரிடம் அழுதுகொண்டே கேட்டிருந்தாள்.

"அளவு பத்தாமப் போகலம்மா. வெட்டுன ஈரல் வளரும். ஆனா சதை மட்டும் வளந்தா ஆகாது. கூடவே பொடிப்பொடியா ரத்தக் குழாயும் மொளச்சு உள்ள போகணும். அதுதான் அதுக்குச் சோறு. அண்ணனுக்கும் வளரத்தான் செஞ்சிச்சு. தச்சு இணைச்ச பெரிய குழாயில ரத்தம் கட்டிருச்சு. மறுபடி தொறந்து பாத்தாங்க, அதுக்குள்ள ஈரல் பட்டினியில செத்துப்போச்சு. தம்பி குடுத்திருந்தாலும் கட்டியிருக்கலாம்."

"இருக்கலாம்னுதானே சொல்ற?"

"ஆமா. அதுக்கு மேல டொக்டருக்கே தெரியாது."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் ஸ்கேன் திரையில் சர்மிளா தன் ஈரலைப் பார்த்தாள். வெட்டிய பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் துடித்துத் துடித்து ஓடியது. நன்றாக வருகிறது என்று தாதி சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள். அண்ணனுக்கு அதற்குள் குழாய் அடைத்திருந்தது; அங்கிருந்து அவர் கட்டிலுக்குப் போனவளால் அதைச் சொல்ல முடியவில்லை. அவர்தான் மெல்லக் கேட்டார்.

"ஒனக்கு வளருதா?"

"ஆமாண்ணே."

"அப்ப சரி."

அதன் பிறகு அவர் பேசியது குறைவு.

முற்றத்தில் தப்பு முழங்கத் தொடங்கியது. சர்மிளா சுவரைப் பிடித்துப் பிடித்து லயத்தின் கோடிக்கு நடந்தாள்.

"வாடா."

"அக்கா, எனக்குப் பயமா இருந்திச்சு. வயித்தக் கிழிப்பாங்கன்னு..."

"எனக்கும்தான் இருந்திச்சு. இப்ப என்னால தூக்க முடியாது. நீதான் தூக்கணும்."

அவன் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். பெட்டியின் தலைமாட்டில் அம்மா குறுக்கே நின்றாள். தப்படித்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"தள்ளும்மா."

"நீயுமாடி?"

"ஒரு புள்ளய இன்னைக்கிக் குடுக்கிறோம். இவனையும் சேத்து அனுப்ப நான் விட மாட்டேன்."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றுக் கட்டைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். நிரோஷன் குனிந்து தோள் கொடுத்தான். தேயிலைச் சரிவில் ஏறும் பாதையில் பெட்டி மறையும் வரை சர்மிளா நின்றுகொண்டே இருந்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பிய ஆண்கள், மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குளித்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நிரோஷன் மட்டும் ஈரத்தோடு, பற்கள் அடிக்க, அங்கேயே நின்றான். காளியாயி ஒரு காய்ந்த துவாயை எடுத்துப் போய் அவனருகே கல்லின் மேல் வைத்தாள். அவனைப் பார்க்காமலே திரும்பி வீட்டுக்குள் போனாள்.

கதவைச் சாத்தவில்லை.