பல்லிவாலும் முந்நூறு முட்டையும்

குற்றாலத்தில், அதுவும் ஆடி மாதத்தில் கருத்தரங்கு வைத்தால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! 1982. சாரல் விடாமல் அடித்தது. விலங்கியல் பேராசிரியர்கள் காலையில் அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் போகாத தலையோடு மண்டபத்துக்கு வந்து, பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில், மற்ற வாத்தியார் மனைவிமாரோடு இருந்த குழல்வாய்மொழி மட்டும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சங்கரநாராயணன் மேடையில் பேசப்போவது அவளுடைய மூன்று வருஷ உழைப்பை. "முதல்ல ஒம் பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடுதேன். அப்புறம் நீயே பேசு" என்று காலையில்கூடச் சொல்லியிருந்தான். அதற்காகவே கல்யாணப் பட்டுச்சேலையை உடுத்தி வந்திருந்தாள்.

அவளும் எம்.எஸ்ஸி. படித்தவள்தான். வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று சொல்லித்தான் தென்காசிக்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுத்த சைவ வீடு. முட்டை என்று யாராவது சொன்னாலே மாமியார் வாயைக் கொப்பளிப்பாள். அதனால் கோழிகள் அச்சன்புதூரில், கூடப் படித்த அலிமா வீட்டுக் கொல்லையில் அடைகாத்தன. மாமியாரிடம் டியூஷன் என்று சொல்லிவிட்டு இவள் பஸ் ஏறுவாள். கல்லூரி மைக்ரோஸ்கோப் வந்தது புருஷன் கையெழுத்தில். மாமியார் கண்ணில் பட்டால் வம்பு என்று நோட்டு அட்டையிலும் அவளே அவன் பெயரைத்தான் எழுதினாள். யார் செய்த வேலை என்பது அவளைத் தவிர உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அலிமா, இன்னொன்று சங்கரநாராயணன்.

வேலை இதுதான். எட்டு நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் சன்னல் மாதிரிச் சின்னதாக வெட்டி, உள்ளே தெரியும் சவ்வின்மேல், அறுந்த இடத்தில் புதிதாய் முளைக்கும் பல்லிவாலைக் கடுகளவு வைக்க வேண்டும். சன்னலைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டித் திரும்பக் கோழிக்கடியில் தள்ள வேண்டும். மூன்று நாளில் திறந்தால், மயிரிழையிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நாலா பக்கமிருந்தும் அந்தத் துண்டைப் பார்த்து வளர்ந்திருக்கும். வெந்நீரில் முக்கிச் சாகடித்த துண்டுக்கு ஒன்றும் வராது. ஆனால் உயிருள்ள துண்டு சவ்வைத் தொடாதபடி இடையில் வடிதாள் வைத்தாலும் குழாய் வரும். அப்படியென்றால் வாலின் செல்கள் எதையோ கசியவிட்டுக் கூப்பிடுகின்றன. குழாயின் செல்கள் அதை உணர்ந்து அந்தத் திசையில் முளைவிடுகின்றன. அறுந்து ஐந்தாம் நாள் எடுத்த வால் கூப்பிட்டது, பன்னிரண்டாம் நாள் எடுத்த வால் கூப்பிடவில்லை. அதைக் கண்டுகொண்ட அன்று அலிமாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சங்கரநாராயணன் மைக்கைப் பிடித்தான். "முந்நூறு முட்டைகளை என் கையால் திறந்து பார்த்தேன்" என்று ஆரம்பித்தான். குழல்வாய்மொழி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாரானாள். இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் நான், நான் என்றே கடைசிப் படம் வரைக்கும் போய்விட்டான்.

சென்னையிலிருந்து வந்த வயதான பேராசிரியர் ஒருவர் தூங்காமல் கேட்டிருக்கிறார். "பன்னெண்டாம் நாள் ஏன் நின்னுபோகுது?" என்றார். சங்கரநாராயணன் தண்ணீர் குடித்தான். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தான். அவள் எழுந்தாள். அவனுக்காக இல்லை, அந்தக் கேள்விக்காக.

"அதுக்குள்ள வாலுக்கு ரத்தம் வந்து சேந்துருது ஸார். செல்லுக்கு மூச்சு முட்டுத வரைக்குந்தான் கூப்பிடும்னு நெனைக்கேன். ஏழாம் நாள் துண்டுக்கே பாதிக் குழாய்தான் வந்துச்சு."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "நீங்க யாரும்மா?" என்றார் பேராசிரியர்.

"என் மிஸஸ் ஸார்" என்று மேடையிலிருந்து சங்கரநாராயணன் சிரித்தான். "கோழியெல்லாம் இவதான் பாத்துக்கிடுதா."

"வீட்டம்மாவையே இப்படித் தயார் பண்ணி வச்சிருக்கீங்களே!" என்று பேராசிரியர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சங்கரநாராயணன் அடக்கமாகத் தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை அவன் கைதட்டலோடு செய்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர்கள் தெருக்காரி ருக்மிணி, "கோழியா?" என்று முகத்தைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

ருக்மிணி முந்தின பஸ்ஸில் போய்விட்டாள். அதனால் இவர்கள் வீடு சேரும்போது, மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கோழிப்பீய அள்ளுன கையோட என் அடுப்பங்கரைக்குள்ள வராத. மூணு வருசமா இந்தக் கையாலயாட்டி எனக்குச் சோறு போட்ட?"

சங்கரநாராயணன் ஓரமாக நழுவி உள்ளே போகப் பார்த்தான்.

"அத்தை, அவுகளையும் நிறுத்துங்க" என்றாள் குழல்வாய்மொழி. "முந்நூறு முட்டையையும் தன் கையால தொறந்ததா மைக்குல சொன்னாவ. அத்தனை பேரும் கேட்டாங்க."

மாமியார் மகனைப் பார்த்தாள். "என்னலே இது?"

அவன் பதறிப்போனான். "அய்யோ, இல்லம்மா! நான் ஒரு முட்டையக்கூடத் தொட்டதில்ல. சாமி சத்தியமாச் சொல்லுதேன். மொத முட்டையிலேருந்து கடைசி முட்டை வரைக்கும் எல்லாம் இவ ஒருத்தி செஞ்ச வேலைதான்."

காலையிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. ஒன்றுகூடக் குறையாமல் சொல்லி முடித்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.