ஏழாம் நம்பர் பேரில் இரண்டு பாயிண்ட்

பாஸ்கெட்பாலில் ஒரு விதி உண்டு. ஒருத்தி தவறுதலாகத் தன் அணி காக்க வேண்டிய கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டால், அந்த இரண்டு பாயிண்டை எதிரணிக் கேப்டன் பேரில் எழுத வேண்டும். போட்டவள் யார் என்று எழுத ஸ்கோர் ஷீட்டில் இடமே கிடையாது. பதினோரு வருஷம் கல்கத்தா மைதானங்களில் ஸ்கோரராக உட்கார்ந்தவள் நான். வார நாட்களில் பாங்க், ஞாயிற்றுக்கிழமை இந்த மேஜை. அந்த விதியைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சியாமளா ஒரு கம்பெனி அணியில் ஒப்பந்தத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். கம்பெனியின் பேர் வேண்டாம். கரக்பூர் ரயில்வே குடும்பத்துப் பெண். தமிழை விட வங்காளம் நன்றாக வரும், என்னை அக்கா என்று கூப்பிடாமல் 'மாதங்கி-தி' என்பாள். கல்யாணமாகி நாலு வருஷம். கணவர் சீதாராமன் ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவர். ஆட்டம் பார்க்க வரமாட்டார், அவள் கீழே விழுவதைப் பார்க்கத் தாங்காது என்பார்.

அந்த வருஷம், 1997-ல், கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் ஒரு சட்டம் போட்டார். சீசனில் பத்து ஆட்டம். ஆட்டத்துக்குச் சராசரி பன்னிரண்டு பாயிண்ட் எடுத்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மார்ச்சோடு போய்வரலாம். அந்த மனிதர் வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் இல்லை. நல்ல பாஸ் கொடுத்தவள், எதிராளியை ஆட்டம் முழுக்க மறித்தவள், இவர்களெல்லாம் அவர் கண்ணில் படவே மாட்டார்கள். சியாமளா பாஸ் கொடுக்கிற ரகம். அந்தச் சட்டத்துக்கு அப்புறம் பாஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். அதற்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு இருபத்தொன்பது வயசு, இதை விட்டால் வேறு அணி எடுக்காது.

ஒன்பது ஆட்டத்தில் நூற்றேழு எடுத்திருந்தாள். கடைசி ஆட்டத்தில் பதின்மூன்று வேண்டும். முதல் பாதியில் ஒன்பது வந்துவிட்டது. மேஜைப் பக்கம் வந்தவள் குரலைத் தாழ்த்தி, "இன்னும் எத்தனை வேணும், மாதங்கி-தி?" என்றாள். ஸ்கோரர் இதெல்லாம் சொல்லக்கூடாது. மேஜைக்கடியில் நாலு விரலைக் காட்டினேன்.

இரண்டாம் பாதி ஐந்தாவது நிமிஷம். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எகிறியபோது எதிரணிப் பெண்ணோடு மோதி, சியாமளா பின்பக்கமாகச் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். தலை தரையில் பட்ட சத்தம் என் மேஜை வரைக்கும் கேட்டது. ரெஃபரி குனிந்து பார்த்தார். அவளே எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை என்றாள். ஆட்டம் தொடர்ந்தது.

அடுத்த நிமிஷம் பந்து அவள் கைக்கு வந்தது. திரும்பினாள், இரண்டே எட்டில் ஓடி, தன் அணிக் கூடையிலேயே அழகாகப் போட்டாள். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவதால் எப்போதாவது யாருக்காவது இப்படி ஆவதுண்டு. கோச் வாய்க்கு வந்தபடி திட்டினார். நானும் சிரித்துக்கொண்டேதான் எதிரணிக் கேப்டன் ஏழாம் நம்பர் பேரில் இரண்டு பாயிண்ட் எழுதினேன்.

பந்து வெளியே போன இடைவெளியில் சியாமளா என்னிடம் வந்தாள்.

"இன்னும் எத்தனை வேணும், மாதங்கி-தி?"

"நாலு. அப்பவே சொன்னேனே."

"அப்படியா? எப்போ?" என்றாள். கண் என் மேல் இருந்தது, ஆனால் பார்வை என்னிடம் இல்லை. முதல் பாதி முடியப் போகிறதா என்று கேட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. இதை மழுப்ப விரும்பவில்லை, அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ரெஃபரி எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றார். இந்தப் பெண்ணுக்குத் தலையில் அடி, வெளியே எடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். எடுத்தால் நாலு பாயிண்ட் போயிற்று, வேலையும் போயிற்று. பாவம், நாலுதானே, எடுத்துவிட்டு உட்காரட்டும் என்று நினைத்தேன். நல்ல மனசு எனக்கு.

எடுத்தாள். ஒரு கூடை, இரண்டு ஃப்ரீ த்ரோ. கடைசிப் பாயிண்டுக்கு எதிரே அவள் ஜெர்ஸி நம்பரான பதினொன்றை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அணி மூன்று பாயிண்டில் தோற்றது. பஸ்ஸில் கோச் அவளைத்தான் வறுத்தெடுத்தாராம், அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாளாம். சால்ட் லேக்கில் இறங்க எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். மண்டைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள்.

ஆட்டத்தில் பட்ட அடியால்தான் செத்தாள் என்பதைக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. மற்றப் பெண்கள் எல்லோரும் ஒப்பந்தக்காரர்கள், வாயைத் திறக்கவில்லை. சீதாராமன் விடாமல் வழக்குப் போட்டார். எட்டு மாசம் கழித்து அலிப்பூர் கோர்ட்டில் விசாரணை. ஷீட் என் கையெழுத்துதான் என்று சொல்ல, கம்பெனியே என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது.

கம்பெனி வக்கீல் ஷீட்டை உயர்த்திக் காட்டினார். விழுந்ததாகச் சொல்லப்படும் நேரத்துக்கு அப்புறம் பதினைந்து நிமிஷம் ஆடியிருக்கிறாள், நாலு பாயிண்ட் எடுத்திருக்கிறாள், இரண்டு ஃப்ரீ த்ரோவும் தப்பவில்லை, மண்டை உடைந்தவள் செய்கிற காரியமா இது என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு 'ஆமாம், என் கையெழுத்துதான்'. சொல்லிவிட்டு லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு டிராம் பிடித்திருக்கலாம்.

ஏழாம் நம்பர் பேரில் இருக்கும் அந்த இரண்டு பாயிண்டைக் காட்டினேன். அதைப் போட்டது சியாமளா என்றேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் கேட்டதையும் சொன்னேன்.

வக்கீலுக்கு முகம் சுண்டியது. ஆனால் கெட்டிக்காரர். "அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை?" என்றார்.

"வேலை நிரந்தரமாக அவளுக்கு இன்னும் நாலு பாயிண்ட் வேண்டியிருந்தது" என்றேன். சீதாராமன் இரண்டாவது பெஞ்சில் இருந்தார். அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

பின்னால் தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது. சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டுப் படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ரெஃபரிகிட்ட சொல்ல உங்களுக்கு மனசு வரல, அது எனக்குப் புரியறது" என்றார். ரொம்ப நிதானமாகப் பேசினார். "ஆனா அவ ரெண்டாம் தடவை கேட்டாளே, இன்னும் எத்தனைன்னு. ஒண்ணும் வேண்டாம், ஆயிடுத்துன்னு சொல்லியிருக்கலாமே. அவளே வெளியில வந்து உக்காந்திருப்பா."

எனக்கு அது தோன்றவேயில்லை. எட்டு மாசத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அதையே அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டார்.