பிலேந்திரன் கறுப்பாக்கிய கண்கள்

மூக்குக் கண்ணாடி வாங்க வருபவர் யாராயிருந்தாலும், சட்டங்கள் அடுக்கியிருந்த சுவரின் பக்கம் ஆரபி அவரை உடனே அழைத்துச் செல்வதில்லை. முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒஸ்லோவின் ட்வெய்ட்டா வணிக வளாகத்தின் வாசற்கதவு வரை அவரை நடத்திச் செல்வாள். கடை விளக்குகளின் கீழ் எல்லாக் கண்களும் ஏறத்தாழ ஒரே நிறமாகத் தெரியும் என்பதும், வானத்தின் வெளிச்சத்தில் பார்த்த பிறகே ஒரு கண்ணுக்குச் சட்டம் தேட வேண்டும் என்பதும் அவளுடைய துணிபு. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் இந்த வழக்கம் மாறியதில்லை. கடையின் முதலாளி அம்மையார் முதலில் முகஞ்சுளித்தார். வாங்கிய சட்டத்தை மாற்றித் தரும்படி திரும்பி வருவோர் குறைந்து போனதைக் கண்டபின் அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

நீலக் கண்ணுடையவர்கள் பெரும்பாலும் நீலச் சட்டத்தையே கேட்பார்கள். சட்டத்தின் நீலம் கண்ணின் நீலத்தை விழுங்கிவிடும் என்று சொல்லி, ஆரபி செம்பு நிறத்தில் ஒன்றை எடுத்துப் பொருத்துவாள். சாம்பல் நிறக் கண், பக்கத்தில் இருப்பதன் நிறத்தை இரவல் வாங்கிக்கொள்ளும். ஆகவே அதற்கு அயலவரைக் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டும். "என்னுடையது வெறும் மண்ணிறம்தானே" என்று சலித்துக்கொள்ளும் நோர்வேஜியப் பெண்களிடத்தில் அவளுக்குத் தனி இரக்கம் உண்டு. கதவடியில் நின்று, அந்த மண்ணிறத்துக்குள் கிடக்கும் பொன்னிழைகளை அவர்களுக்கே காட்டிக் கொடுப்பாள். வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்த தலையோடு அவர்கள் திரும்பிப் போவார்கள்.

ஆரபியின் கண்களோ தேன் நிறம். விளிம்பைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம் ஓடியது. தாய் தவமணியின் கண்களும் அப்படியே. கடைக்கு வருவோர் அந்தக் கண்களைப் புகழாமல் போவதில்லை. அதே கண்களை நம்மவர் கலியாண மண்டபங்களில் பார்த்தவர்கள் "பூனைக்கண்ணி" என்று தமக்குள் முணுமுணுப்பார்கள். ஒரே நகரத்தில் ஒரே கண்களுக்கு இரண்டு விலை இருப்பதை எண்ணி அவள் சிரித்துக்கொள்வாளே தவிர, வருந்தியதில்லை. பச்சையை எடுத்துக் காட்டவென்றே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சட்டத்தைத் தனக்குத் தெரிவு செய்திருந்தாள். "சீதனம் எண்டு ஒண்டும் சேர்க்க வேண்டாம் அப்பா. அம்மா பிறக்கேக்கையே தந்திட்டா" என்று தகப்பனிடம் பகிடி விடுவாள்.

அந்தத் தகப்பன் சச்சிதானந்தனுக்குப் பிலேந்திரன் என்றொரு நண்பர் இருந்தார். அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை. வார இறுதிகளில் ஒஸ்லோத் தமிழரின் கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் படம் பிடிப்பவர். எண்பதுகளின் இறுதியில், நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வேலை தேடி அவர் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஒருவரையும் அறியார். சச்சிதானந்தன்தான் தம் அறையில் இடம் கொடுத்து, கண்காணிப்பாளரிடம் பேசி வேலையும் எடுத்துக் கொடுத்தார். காய்ச்சலில் பிலேந்திரன் படுத்துக் கிடந்த நாள்களில், தம் வேலையை முடித்துவிட்டு அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்தார். "இதுக்கு நான் என்ன செய்வன், சச்சி அண்ணை?" என்று பிலேந்திரன் கேட்கும் ஒவ்வொரு முறையும், "முதல்லை சாப்பிடு" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

ஆகவே, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் ஆரபிக்கு மேற்குக் கரை நகரான பேர்கனிலிருந்து சம்பந்தம் ஒன்று பேசிவந்தபோது, படம் பிடிக்கும் பொறுப்பைப் பிலேந்திரன் தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

"கண்ணாடியைக் கழட்டும், பிள்ளை."

"ஏன் மாமா? இது எனக்கெண்டே பார்த்து எடுத்தது."

"பிளாஷ் அடிக்கும். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்காரர் உம்மைப் பாக்காயினம், ரெண்டு லைற்றைத்தான் பாப்பினம்."

அவள் சிரித்துக்கொண்டே கழற்றினாள். படம் மிக நன்றாக வந்திருந்தது. பிலேந்திரன் அதைப் புதிதாக வாங்கியிருந்த கணினியில் ஏற்றினார். முகப்பருவையும் கண்ணின் கீழ்க் கருமையையும் அழிக்கும் வித்தையை அந்த ஆண்டுதான் அவர் கற்றிருந்தார். ஆரபியின் முகத்தில் அழிக்க ஒன்றுமே இல்லை. ஆனால், பூனைக்கண் என்ற முணுமுணுப்பு அவர் காதிலும் விழுந்திருந்தது. அண்ணையின் மகளுக்கு இந்தச் சிறு காரணத்தால் நல்ல இடம் ஒன்று தவறிப் போகலாமா என்று எண்ணினார். கணினியின் தூரிகையை எடுத்து இரண்டு கண்களையும் நல்ல கறுப்பாக்கினார். வீட்டார் பார்த்தால் மனம் நோவார்கள் என்று அவர்களுக்கு வேறு பிரதி கொடுத்துவிட்டு, "தபாலிலை போடுறது என்ரை வேலைதானே அண்ணை" என்று சொல்லி, கறுப்புக் கண் படத்தைத் தாமே பேர்கனுக்கு அனுப்பி வைத்தார்.

நன்றியுணர்வுக்கும் சில வேளைகளில் கடிவாளம் வேண்டியிருக்கிறது. ஒரு குளத்தில் ஆமையொன்று, நீரில் விழுந்த மீன்கொத்திக் குஞ்சைத் தன் முதுகில் ஏற்றிக் கரை சேர்த்ததாம். கைம்மாறு செய்ய விரும்பிய தாய்ப்பறவை, ஆமை உறங்கும் நேரம் பார்த்து, அதன் ஓட்டில் படிந்திருந்த பாசியையெல்லாம் கொத்திக் கொத்தி நீக்கிப் பளபளப்பாக்கியது. மறுநாள் வெயிலில் அந்த ஓடு மின்னியதைக் கண்டு, அதுவரை அங்கே ஆமை இருப்பதையே அறியாத பருந்து இறங்கி வந்தது. பாசி தனக்குத் தேவையா இல்லையா என்று ஆமையிடம் ஒரு சொல் கேட்க மீன்கொத்திக்குத் தோன்றவில்லை.

படத்தைப் பார்த்த பேர்கன் வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. மாப்பிள்ளை லதீசன் பொறியியலாளன். அவனும் ஆரபியும் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்கள். பேசப் பேச, அடுத்த அழைப்புக்காகக் காத்திருப்பது இருவருக்கும் இயல்பாகிவிட்டது. ஒரு முறை அவன், "உம்மடை கறுப்புக் கண்" என்று சொன்னான். பெண்களைப் புகழும் ஆண்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று எண்ணி, அவள் அதைத் திருத்தவில்லை.

ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லதீசனும் அவன் தாய் புஷ்பமலரும் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் இருந்த பெண் வீட்டுக்கு வந்தார்கள். பிலேந்திரனும் அழைக்கப்பட்டிருந்தார். முறுக்கும் தேநீரும் வந்தன. கணவனை இழந்து, மகனைத் தனியே வளர்த்தெடுத்த புஷ்பமலர் வெளிப்படையாகப் பேசும் பெண்மணி.

"நீர் கண்ணாடிக் கடையிலை எல்லே வேலை? எனக்கு இந்தத் தங்க நிறம் சரியோ, சொல்லும் பாப்பம்."

ஆரபி தயங்கினாள். "உண்மையைச் சொல்லலாமோ, அன்ரி?"

"பொய்யைக் கேக்கவோ பேர்கனிலை இருந்து வந்தனான்?"

"உங்கடை தோலின்ரை நிறத்தோடை அந்தத் தங்கம் கலந்து போகுது. கண்ணுக்கு எல்லையே இல்லாமல் கிடக்கு. கடுஞ்சிவப்பு, இல்லாட்டி மாதுளம்பழத் தோல் நிறம் போட்டுப் பாருங்கோ. இஞ்சை, வெளிச்சத்துக்கு ஒருக்கா வாங்கோவன்."

புஷ்பமலர் மகிழ்ச்சியோடு எழுந்து சென்றார். பல்கனிக் கதவருகே இருவரும் முகத்தோடு முகம் பார்த்து நின்றனர். வெளியே இலையுதிர்காலத்து வெயில் தெளிவாக இருந்தது. புஷ்பமலரின் சிரிப்பு மெல்ல மறைந்தது.

"கண்ணுக்கு என்ன போட்டிருக்கிறீர், பிள்ளை?"

"கண்ணாடி, அன்ரி."

"அதில்லை. உள்ளுக்கை. கலர் லென்ஸ் எல்லோ?"

"இல்லை அன்ரி. இது என்ரை கண்தான்."

"கழட்டிப் போட்டு வாரும், ஒருக்கால் பாப்பம்."

"கழட்டிற மாதிரி இருந்தாக் கழட்டிப் போடுவன்" என்று ஆரபி அமைதியாகச் சொன்னாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, ஒருக்கா இஞ்சை வாங்கோ" என்று அழைத்தாள்.

தவமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகளின் பக்கத்தில் நின்றார். அதே தேன் நிறம். அதே பச்சை வளையம். புஷ்பமலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பைக்குள்ளிருந்த படத்தை எடுத்து மேசைமீது வைத்தார். படத்தில் இருந்த ஆரபிக்கு மைபோன்ற கண்கள்.

"அப்ப இது ஆற்றை கண்?"

லதீசன் படத்தைப் பார்த்தான், ஆரபியைப் பார்த்தான். "ஸ்லாப் அவ், அம்மா. சும்மா விடுங்கோ. இப்ப இதொரு விசயமோ? எனக்கு இது இன்னும் வடிவாத்தான் கிடக்கு."

"உன்ரை ஸ்லாப் அவ்வைப் பேர்கனிலை வைச்சிரு. கண் எந்த நிறமெண்டாலும் எனக்கென்ன? மறைச்சதுதான் பிடிக்கேல்லை. இதை மறைச்சவை இன்னும் என்னத்தை மறைச்சினமோ, ஆர் கண்டது?"

சச்சிதானந்தன் படத்தைக் கையில் எடுத்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தலையை நிமிர்த்திப் பிலேந்திரனை ஒரு கணம் பார்த்தார். பிலேந்திரன் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். சச்சிதானந்தன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"படம் எங்கடை வீட்டிலை இருந்துதான் வந்தது" என்றார். "பிழை எங்கடை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அப்பா..." என்று தொடங்கிய ஆரபியைக் கையமர்த்தினார்.

"நல்லது. நாங்கள் வெளிக்கிடுறம்" என்றார் புஷ்பமலர்.

வாசலை ஒட்டிய ஒடுங்கிய நடையில் குளிர்ச்சட்டைகளும் சப்பாத்துகளும் நிறைந்திருந்தன. புஷ்பமலர் குனிந்து சப்பாத்து மாட்டினார். லதீசன் தன்னுடையதை மாட்டாமல், கையில் வைத்தபடி ஆரபியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அழவில்லை, ஆனால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்திருந்தாள்.

பிலேந்திரன் கூடத்தில் தனியே இருந்தார். கேளாமலே பிறருடைய முகத்தைப் படத்தில் மாற்றுபவர் தாம் என்று தெரிந்தால், இனி எந்தக் கலியாண வீட்டார் தம்மைக் கூப்பிடுவார்கள் என்ற எண்ணம் ஒரு பக்கம் அவரைப் பிடித்து இருத்தியது. காய்ச்சலில் கிடந்தவனுடைய வேலையைத் தம் தோளில் போட்டுக்கொண்ட மனிதர், இன்று அவனுடைய பிழையையும் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்ற எண்ணம் மறுபக்கம் அவரை எழுப்பியது. இரண்டாவது எண்ணமே வலிமையுடையதாயிருந்தது.

"அக்கா, சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றார், நடையின் முனையில் வந்து நின்று. "அந்தப் படத்தை மாத்தினது நான்."

புஷ்பமலர் நிமிர்ந்தார். "ஆர் மாத்தச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இந்த வீட்டிலை ஒருத்தரும் அதைக் கண்டதும் இல்லை. நானே மாத்தி, நானே தபாலிலை போட்டனான். சச்சி அண்ணைக்கு இண்டைக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

"ஏன் செய்தனீர்?"

"அவர் எனக்குச் செய்ததுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை, அக்கா. பிள்ளைக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சன்."

"உமக்கு ஆர் சொன்னது, அந்தக் கண் ஒரு குறை எண்டு?"

ஆரபிதான் பேசினாள். "மாமா, என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"ஓம் பிள்ளை. கேட்டிருக்கோணும். உம்மடை கண்ணை நான் குறைவாப் பாத்திட்டன். அது பெரிய பிழை."

தகப்பனின் தோளிலிருந்து பாரம் இறங்கியதை ஆரபி கண்டாள். அதற்காக, தனக்குத் தீங்கு செய்த அந்த மனிதருக்கே அவள் உள்ளத்துள் நன்றி சொன்னாள். சச்சிதானந்தன் நண்பரின் பக்கம் திரும்பி, "டேய், நீ இதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன்" என்றார்.

"அதுதான் அண்ணை எனக்குத் தாங்கேல்லை."

புஷ்பமலர் ஒரு காலில் மாட்டிய சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நல்ல ஆக்கள்" என்றார், யாரைச் சொல்கிறார் என்று விளங்காதபடி. பிறகு பிலேந்திரனின் பக்கம் திரும்பினார். "சரி. இந்தப் படத்தை நான் ரொறொன்ரோவிலை அண்ணைக்கும் பாரிசிலை தங்கச்சிக்கும் அனுப்பிப் போட்டன். அவை ஊரெல்லாம் காட்டிப் போட்டினம். கலியாணத்தண்டு வந்து நிண்டு, பொம்பிளை லென்ஸ் போட்டிருக்கு எண்டு கதைப்பினம். அதுக்கு என்ன செய்யப் போறீர்?"

கலியாணம் என்ற சொல்லைக் கேட்டதும் லதீசன் தன் சப்பாத்துகளை மெல்லக் கீழே வைத்தான்.

"நம்பரைத் தாங்கோ, அக்கா. இப்பவே கதைக்கிறன்" என்றார் பிலேந்திரன்.

"அண்ணை ஜெயரத்தினம் பொல்லாத ஆள். ஏசுவார்."

"ஏசட்டும்."

தவமணி தேநீரைச் சூடாக்கச் சென்றார். சப்பாத்துகளுக்கு நடுவே, தொலைபேசிக்கு அருகில், சச்சிதானந்தன் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். பிலேந்திரன் அதன் நுனியில் அமர்ந்து இலக்கங்களை அழுத்தினார்.

"வணக்கம் அண்ணை. நான் பிலேந்திரன் கதைக்கிறன், ஒஸ்லோவிலை படம் பிடிக்கிறவன். உங்கடை மருமகனுக்குப் பேசின பிள்ளையின்ரை படத்திலை ஒரு பிழை இருக்கு. அதை விட்டது நான்தான். பிள்ளை வீட்டிலை ஒரு பிழையும் இல்லை... ஓம் அண்ணை, ஏசுங்கோ... ஓம், படத்தைக் காட்டின எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ. கண் கறுப்பில்லை. தேன் நிறம். அதோடை கொஞ்சம் பச்சையும்..."

அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு ஆரபியைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தப் பச்சை எந்தப் பக்கம்?"

"விளிம்பிலை மாமா. சுத்திவர."

"விளிம்பிலை, அண்ணை. சுத்திவர" என்று அவர் தொலைபேசியில் திருத்தமாகச் சொன்னார்.