ஆணியில் தொங்கிய சாவி

சூடேறினால் நின்றுவிடும். அந்தக் காருக்கு இருந்த வியாதி அவ்வளவுதான். காலையில் சமர்த்தாகக் கிளம்பும், இருபது நிமிடம் ஓடும், பிறகு மேட்டுச் சாலை சிக்னலில், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிற இடமாகப் பார்த்து உயிரை விடும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். இப்படி ஒரு கள்ளத்தனத்தை நர்ஸ் தன் நோயாளிகள் யாரிடமும் பார்த்ததில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது வீடு. அந்தப் பதினாறு வயதுக் கார்தான் அவளுக்குக் கை, கால் எல்லாம். போன மாதம் மட்டும் மூன்று முறை தாமதமாகப் போனாள். மேற்பார்வையாளர் அம்மாள் கூப்பிட்டு உட்கார வைத்து, "இன்னொரு தடவை லேட்டானா உன் ஏரியாவ வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்மா, மனசுல வெச்சுக்காதே" என்று மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மெக்கானிக் கடையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். தீப்பொறி கொடுக்கும் காயிலை மாற்றினார்கள். இரண்டு சென்சாரை மாற்றினார்கள். கார் அசரவில்லை. கடைசியில் ஊரே 'வயர்காரர்' என்று கூப்பிடும் கார் எலக்ட்ரீஷியனிடம் போனாள். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் விரிப்பை உருவி, உள்ளே இருந்த தகரப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்ஜினோட கம்ப்யூட்டர் இதுதான். எனக்கு இவன் மேலதான் சந்தேகம். வீட்ல ஹேர் ட்ரையர் இருக்கா நர்ஸம்மா? என்னோடது புகைஞ்சுபோச்சு."

மறுநாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினபோதுதான் கணவன் வாயைத் திறந்தான். "காருக்குத் தலை காய வைக்கப் போறியா? பேசாம இரும்புக் கடையில போட்டுட்டு வா."

"போடறேன், கூடவே உங்களையும்."

வேடிக்கையாகப் போயிருக்க வேண்டிய பேச்சுதான். இரண்டு பேரும் தூக்கம் கெட்டிருந்ததால் முற்றிவிட்டது. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் அவனே எழுந்துபோய் எடுத்துக்கொண்டான். எடுத்த இடத்தில் வைக்கவும் செய்தான், அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பட்டறையில் வயர்காரர் என்ஜினை ஓடவிட்டு, தகரப் பெட்டிமேல் சூடான காற்றை ஊதினார். நான்காவது நிமிடம் கார் பொட்டென்று நின்றது. "மாட்னியா!" என்றார், கன்னத்தில் அறையாத குறையாக. அதே மாதிரிக் கார் ஒன்று விபத்தில் நசுங்கிப் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் கிடந்தது. அடுத்த நாள் அதன் கம்ப்யூட்டர், சாவியை அடையாளம் காணும் வளையம், அதன் சாவி, மூன்றையும் கழற்றிக்கொண்டு வந்து இதில் மாட்டினார். மறுபடி ஹேர் ட்ரையர். அரை மணி நேரம் ஊதினார். என்ஜின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நர்ஸுக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

"இனிமே இந்தச் சாவிய மட்டும்தான் போடணும். வீட்லயும் சொல்லிடுங்க" என்று அவளுடைய சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தலையை ஆட்டினாள். வீட்டில் சொல்வதா? வீட்டில்தான் பேச்சே இல்லையே. சாவியைக் கைப்பையில் போட்டதோடு மறந்தும் போனாள்.

மறுநாள் காலை ஏழே கால். முதல் வீடு எட்டு மணிக்கு. அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கீழே அவள் கார் உறுமியது, உடனே நின்றது. மறுபடி உறுமியது, நின்றது. பாதிப் பின்னலோடு ஜன்னலுக்கு ஓடினாள். கணவன் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

மாடி ஏறி வந்தவன் கையில் வாளியும் துணியும் இருந்தன. முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, நான் ஒண்ணும் பண்ணல. நீ வர்றதுக்குள்ள கண்ணாடியெல்லாம் தொடச்சு, ஓடவிட்டு வெக்கலாம்னுதான்... ரெண்டு செகண்ட்ல நின்னுடுது."

அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வீடும் கண்முன் வந்துபோயின. அவனைத் திட்டக்கூடத் தெம்பில்லை. வயர்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். வாயில் பிரஷ்ஷோடு பேசினார்.

"ரெண்டே செகண்டா? அதுக்குக் குறைஞ்சும் இல்ல, கூடயும் இல்ல?"

"ஆமாண்ணே."

"எந்தச் சாவி?"

அவள் நிமிர்ந்து கணவனின் கையைப் பார்த்தாள். வாளிப் பிடியோடு சேர்த்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும் காரின் இன்னொரு சாவியைப் பிடித்திருந்தான். "ஆணியில தொங்கற சாவிண்ணே" என்றாள்.

"அது பழைய கம்ப்யூட்டரோட சாவிம்மா!" வயர்காரர் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "அந்த நசுங்கின காரோட சாவியில இருந்த சிப்ப எடுத்து, உங்ககிட்ட கொடுத்த சாவிக்குள்ளதான் வெச்சிருக்கேன். மத்த சாவி போட்டா திருடன்னு நெனச்சு நிறுத்திடும். அதனாலதான் வீட்ல சொல்லச் சொன்னேன். சொல்லலையா?"

"மறந்துட்டேண்ணே" என்றாள். முழுப் பொய்யும் இல்லை.

கீழே போய்த் தன் சாவியைப் போட்டுத் திருப்பினாள். இரண்டு செகண்ட். மூன்று. பத்து. என்ஜின் சீராக ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாடா என்று ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டாள்.

கணவன் ஜன்னல் பக்கம் குனிந்தான். "என்னைத் திருடன்னு சொல்லிடுச்சு உன் கம்ப்யூட்டர்."

"ஏறுங்க. சாயங்காலம் அறிமுகப்படுத்தி வைக்கறேன்."

பாதிப் பின்னலோடுதான் ஓட்டினாள். வழியெல்லாம் அவன் வாளியை மடியிலேயே வைத்திருந்தான். இருபதாவது நிமிடம் மேட்டுச் சாலை சிக்னல் வந்தது. சிவப்பு. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பச்சை விழுந்தது. கார் மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கியது. மணி ஏழு ஐம்பது.

"நான்தான் சொன்னேனே, ஒண்ணும் ஆகாதுன்னு" என்றான்.

"நீங்க எங்க சொன்னீங்க? ரெண்டு நாளா ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

அவன் மடியிலிருந்த வாளியை நேராக வைத்துக்கொண்டான். "சரி, இப்போ சொல்றேன்" என்றான். இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தவன் முதல் வீட்டு வாசல் வரும்வரை நிறுத்தவே இல்லை.