நான்கு இளஞ்சிவப்பு, ஒரு நீலம்

ஐந்து ஹைட்ராஞ்சியாச் செடிகளில் நான்கு இளஞ்சிவப்பாகப் பூத்துத் தொலைத்தன. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் சொன்ன சொல் தவறாமல் நீலமாகப் பூத்தது.

தராசுக்காரரின் தொண்டையில் முள்ளாக நின்றது அந்த ஒன்றுதான். ஐந்தும் மாறியிருந்தால் வெயில், மழை என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒன்று ஒழுங்கு, நான்கு கோளாறு என்றால்? முப்பத்தாறு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர். ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கென்று முத்திரையிட்ட நல்ல எடைக்கல் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றையெல்லாம் அடியில் குடைந்து வைக்கும் கடைக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். குழாயடிச் செடி அந்த நல்ல எடைக்கல். சந்தேகமே இல்லை.

விற்றது வேறு யாரோ என்றால் ஒரே நாளில் ஒரு கை பார்த்திருப்பார். விற்றவர் சம்பந்தி. ஊர்க்கோடியில் நர்சரி வைத்திருப்பவர்; நகக்கண்ணில் எப்போதும் மண். அந்த வீட்டில் பெண் எடுப்பதா என்று அப்போதே தராசுக்காரர் முகம் சுளித்தார். மகன் ஒற்றைக் காலில் நின்றதால் இறங்கி வந்தார்.

போன வருடம் செடி வாங்க அவரே நேரில் போனார். குச்சி நட்டு வேர்விட்ட சின்னச் செடிகள், இலை மட்டும்தான் இருந்தது.

"வட்டப் பூவா, கூம்புப் பூவா சம்பந்தி? கூம்புன்னா வெயில் தாங்கும். வட்டம்னா காலை வெயிலே போதும், மத்தியானம் நிழல் வேணும்."

"வட்டம். நல்ல நீலம். மதிலுக்கு முன்னால வரிசையா நிக்கணும், தெருவுல போறவன் நின்னு பாக்கணும்."

"ஒருதரம் வந்து மண்ணைப் பாத்துடட்டுமா?"

மண்ணைப் பார்க்கவா, மகளை எப்படி வைத்திருக்கிறோம் என்று வேவு பார்க்கவா? "எங்க வீட்டு மண்ணுக்கு என்ன குறை?" என்று வெட்டினாற்போல் சொல்லிவிட்டு, ஐந்து செடிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு வருடமாகத் தெரு முழுக்க நீலம், நீலம் என்று சொல்லிவைத்திருந்தார். இப்போது எதிர்வீட்டுப் பல் டாக்டர் கேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், நீலம் வெக்கப்பட்டுடுச்சா?" என்று பல்லைக் காட்டினார். அன்று காலைக் காபி தராசுக்காரருக்குக் கசந்தது.

"உங்கப்பா கைவரிசையைக் காட்டிட்டார்," என்றார் மருமகளிடம். "விலை போகாததை நம்ம தலையில கட்டிட்டார். நான் கேக்கமாட்டேன்னு ஒரு தைரியம்."

மருமகள் கையிலிருந்த டம்ளரை மேசைமேல் வைத்தாள். "எங்கப்பா அப்படிச் செய்றவர் இல்ல மாமா. தனியா கூப்பிட்டுக் கேளுங்க."

"தனியா என்ன தனியா? நாலு பேர் நிக்கும்போது கேட்டாத்தான் உண்மை வரும். என் சர்வீஸ்ல பாத்தது."

"நாலு பேருக்கு முன்னால அவரைத் திருடன்னு சொல்லிட்டு வந்தீங்கன்னா, அப்புறம் என்னை மருமகள்னு கூப்பிடாதீங்க."

மகன் செய்தித்தாளை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை, நர்சரியில் கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துப் போனார். நீலக் கொத்து ஒன்று, இளஞ்சிவப்புக் கொத்து ஒன்று, இரண்டையும் மேசைமேல் வைத்தார். ரோஜா பார்த்துக்கொண்டிருந்த கணவன் மனைவி திரும்பினார்கள். ஹைட்ராஞ்சியாத் தொட்டியைக் கையில் ஏந்தியிருந்த பச்சைக் குடைக்காரப் பெண்ணும் நின்றாள்.

"ஒண்ணு அசல், நாலு போலி. சொந்தக்காரனுக்கே இந்த அளவுன்னா, மத்தவங்களுக்கு எந்த அளவோ?"

சம்பந்தி பூவைப் புரட்டிப் பார்த்தார். இலையைத் தடவினார். "நீலம் எங்க இருக்கு?"

"குழாயடில."

"மத்த நாலும்?"

"மதிலோரம்."

சம்பந்தி ஒரு கணம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "தப்பு என்னுதுதான் சம்பந்தி. நாளைக்கே வந்து மாத்தித் தர்றேன்."

குடைக்காரப் பெண் தொட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது தராசுக்காரருக்கு வெற்றிக் களிப்பு வரவில்லை. குடைச்சல்தான் வந்தது. எந்த வியாபாரி இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வான்? அவனுக்குள் இதைவிடப் பெரிய திருட்டு ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். வீட்டில் மருமகள், "அவருக்குக் காபி வேணுமான்னு கேளுங்க" என்று கணவனிடம் சொன்னாள். அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சம்பந்தி மண்வெட்டியோடு வந்தார். தராசுக்காரர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கண் கொட்டாமல் பார்த்தார். எதிர்பார்த்தது நடந்தது. சம்பந்தி தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மதிலடி மண்ணை ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டார்.

தராசுக்காரர் பாய்ந்து வெளியே வந்தார். "பையில என்ன?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி."

"நான் பாத்தேன். எடுங்க வெளிய."

சம்பந்தி தயங்கினார். சத்தம் கேட்டு வந்த மருமகள் கைக்குட்டையைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், அவளுக்கு விளங்கிவிட்டது. நர்சரிக்காரர் மகள் அல்லவா? உள்ளே போய் வினிகர் பாட்டிலும் இரண்டு கிண்ணங்களும் கொண்டுவந்தாள். ஒன்றில் குழாயடி மண், ஒன்றில் கைக்குட்டை மண். இரண்டிலும் ஊற்றினாள். குழாயடி மண் சும்மா நனைந்தது. மதிலடி மண் புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணாம்பு," என்றாள். "புளிச்ச மண்ணுல, அமிலம் இருக்கிற மண்ணுலதான் இந்தப் பூ நீலமா வரும். சுண்ணாம்பு சேந்தா இளஞ்சிவப்பு. ஒரே செடிதான், ரெண்டு ஜாதி இல்ல."

தராசுக்காரர் மதிலை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெருவிலேயே வெள்ளை வெளேரென்று இருக்கும் மதில். மற்றவர்களைப்போல் பழைய பூச்சின்மேலேயே பூசி ஏமாற்றுவது அவர் வீட்டு வழக்கமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை இரும்புத் தகட்டால் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுரண்ட வைப்பவர் அவர். சுரண்டியது எங்கே விழுந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"நேத்தே தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்றார் சம்பந்தியிடம்.

"மதிலோரம்னு சொன்னீங்களே, அப்பவே."

"பின்ன ஏன் சொல்லலை?"

"அத்தனை பேர் நடுவுல உங்களைக் குறை சொல்லவா? எனக்கு நாலு செடி நஷ்டத்தோட போயிடும். நாலு பேருக்கு முன்னால நீங்க தலை குனிஞ்சா, அப்புறம் என் பொண்ணு இந்த வீட்ல எப்படி நிமிர்வா?" சம்பந்தி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். "நான் நெனச்சது நிசந்தானான்னு பாக்கத்தான் மண்ணை எடுத்தேன். உங்ககிட்ட சொல்றதா இல்ல."

தராசுக்காரர் உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க அவர் அறைக் கதவு திறக்கவில்லை. மானம் உள்ள வீட்டில் தப்பு நடக்காது என்றில்லை. எவ்வளவு உரக்கச் செய்ததோ அவ்வளவு உரக்க அதை ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அதே நேரத்துக்கு நர்சரிக்குப் போனார். ரோஜாத் தம்பதி உரம் வாங்க வந்திருந்தார்கள்.

"போன வாரம் இவரைப் போலின்னு சொன்னேன். போலி நான்தான். என் மதில் சுண்ணாம்பு அது. இவர்கிட்ட நம்பி வாங்குங்க."

"ஐயோ, விடுங்க சம்பந்தி," என்று கூசிப்போனார் நர்சரிக்காரர்.

"விடறதா? இன்னும் ஒரு ஆள் பாக்கி. அந்தப் பச்சைக் குடை."

அவள் அன்று வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தராசுக்காரர் நர்சரி வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே நுழையும் ஒவ்வொரு பெண்ணையும் ஆய்வாளர் கண்ணால் ஏற இறங்கப் பார்த்தார். குடையை மாற்றியிருப்பாளோ? தலை அலங்காரத்தை மாற்றிக்கொண்டு ஏய்க்கிறாளோ? ஒரு அம்மாள் பயந்துபோய்ப் பின்வாசல் வழியாகப் போனாள்.

மருமகள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "போதும் மாமா, வீட்டுக்கு வாங்க. நீங்க முறைக்கிறதுல அப்பாவுக்கு இருக்கிற வியாபாரமும் போயிடும்."

"நகரு," என்றார் அவர், வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல். "மறைக்காதே."